ஜெரார்டா, லாம்பார்டா, ஸ்கோல்ஸா: ஒருவரை மட்டும்தான் எடுக்கலாம் என்றால்?

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தை 2000-களில் பார்க்கத் தொடங்கியவர்கள் நாலு பேர் கூடினால், ஜெரார்ட், லாம்பார்ட், ஸ்கோல்ஸ் என்ற மூன்று இங்கிலாந்து நடுக்கள ஆட்டக்காரர்களில் யார் பெரியவர் என்ற பேச்சு வராமல் போகாது. லிவர்பூல் ரசிகர் ஜெரார்டின் இஸ்தான்புல் இரவு என்பார். செல்சி ரசிகர் லாம்பார்டின் 177 கோல் என்பார். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர் ஸ்கோல்ஸின் 11 பட்டம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். ஆளுக்கொரு தராசு வைத்து நிறுத்தால் எந்தப் பேச்சும் முடியாது.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். "யார் பெரியவர் என்பது இருக்கட்டும். ஓர் அணியைப் புதிதாகக் கட்டுகிறேன், மூவரில் ஒருவரை மட்டும் எடுக்கலாம், யாரை எடுக்கட்டும்?" நண்பர்களோடு கனவு அணி போடுகிறவர்களும், பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறவர்களும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இப்படிக் கேட்டால் பதில் சொல்ல முடியும். ஆனால் எதை வைத்து எடைபோடுகிறோம் என்பதை முதலில் பேசிக்கொள்ள வேண்டும்.

## எதை வைத்துப் பார்க்கலாம்

கோல் கணக்கு வேண்டும்தான். அதோடு அந்தக் கோல்கள் எப்படி வந்தன என்றும் பார்க்க வேண்டும். அடுத்தது, பந்து நம்மிடம் இருக்கும்போது ஆட்டத்தின் வேகத்தை அவர் கையில் எடுத்துக்கொள்கிறாரா? பந்து எதிரணியிடம் இருக்கும்போது எங்கே நிற்கிறார்? ஒரு சீசனின் 38 ஆட்டங்களில் எத்தனைக்குக் கிடைப்பார்? வயதாகிக் கால் தளர்ந்த பிறகு என்ன ஆவார்? இவ்வளவும் எல்லாரும் கேட்கிற கேள்விகள்தான்.

நான் எல்லாவற்றையும்விட அதிக எடை கொடுப்பது இன்னொன்றுக்கு. அந்த ஆட்டக்காரர் அவராக இருப்பதற்கு, மற்றப் பத்துப் பேர் என்ன செய்ய வேண்டியிருக்கிறது? யார் அவருக்குப் பின்னால் நின்று காவல் காக்க வேண்டும், யார் அவருக்காக ஓட வேண்டும், யார் தன் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்? புள்ளிவிவரப் பட்டியலில் வராத செலவு இது. மூவரில் யாரை எடுத்தாலும் இந்தச் செலவைக் கட்டித்தான் ஆக வேண்டும். தொகைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

கோப்பைகளின் எண்ணிக்கையை நான் கடைசியில்தான் வைப்பேன். மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சியாளர் ஃபெர்குசன் கட்டிய அணியில் ஏறக்குறைய 20 ஆண்டு ஆடியவரின் பதக்கங்களையும், பல சீசன்களில் முதல் நாலு இடத்துக்கே போராடிய அணியில் ஆடியவரின் பதக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணுவது நியாயமாகப் படவில்லை.

எண்களை ஒரே இடத்தில் வைத்துவிடுகிறேன்:

| | ஜெரார்ட் | லாம்பார்ட் | ஸ்கோல்ஸ் |
|---|---|---|---|
| பிறந்த ஆண்டு | 1980 | 1978 | 1974 |
| பிரீமியர் லீக் ஆட்டங்கள் | 504 | 609 | 499 |
| பிரீமியர் லீக் கோல்கள் | 120 | 177 | 107 |
| பிரீமியர் லீக் பட்டங்கள் | 0 | 3 | 11 |
| எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்தின் நாக்-அவுட் கோப்பை) | 2 | 4 | 3 |
| சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்புகளின் கோப்பை) | 1 | 1 | 2 |
| இங்கிலாந்துக்காக | 114 ஆட்டம், 21 கோல் | 106 ஆட்டம், 29 கோல் | 66 ஆட்டம், 14 கோல் |
| கூடவே வேண்டியது | பின்னால் இருவர் | பின்னால் ஒருவர் | ஏற்கெனவே தேறிய ஓர் அணி |

கடைசி வரி என் கணிப்பு. அதற்கான காரணங்கள்தான் கீழே வருகின்றன.

## ஸ்டீவன் ஜெரார்ட்: மூழ்கும் படகை இழுத்து வருபவர்

2004 டிசம்பர் 8, லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானம். ஒலிம்பியாகோஸ் அணியை லிவர்பூல் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் சாம்பியன்ஸ் லீக்கில் அடுத்த சுற்று. ரிவால்டோவின் ஃப்ரீ கிக்கில் முதலில் கோல் வாங்கியதோ லிவர்பூல். இரண்டாம் பாதியில் இரண்டு கோல் போட்டும் இன்னும் ஒன்று தேவை. 86-வது நிமிடத்தில் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து ஜெரார்ட் அடித்த அடி வலைக்குள் போனது. அந்தப் பந்து வெளியே போயிருந்தால் இஸ்தான்புல் என்ற கதையே கிடையாது.

இஸ்தான்புல்லில் நடந்ததை எல்லாரும் அறிவார்கள். 2005 மே 25, ஏ.சி. மிலானிடம் இடைவேளையில் 0-3. 54-வது நிமிடத்தில் ஜெரார்ட் தலையால் முட்டிப் போட்ட கோலில் தொடங்கி ஆறே நிமிடத்தில் 3-3. மூன்றாவது கோலுக்கு வந்த பெனால்டியும் கட்டூசோ அவரைத் தடுக்கி விழவைத்ததால் கிடைத்ததுதான். ஆனால் அந்த இரவில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு இரண்டு விஷயங்களை. இடைவேளையில் பயிற்சியாளர் ரஃபா பெனிடெஸ் வலப்பக்கத் தடுப்பாளர் ஃபின்னனை வெளியே எடுத்துவிட்டு, ஹாமனை நடுக்களத்தில் இறக்கினார். ஹாமன் பின்னால் நின்று காவல் காத்ததால்தான் ஜெரார்ட் முன்னே ஓட முடிந்தது. அப்புறம் மிலான் செர்ஜின்யோவை இறக்கி இடப்பக்கமாகப் பாயத் தொடங்கியதும், அவரை மறிக்க அதே ஜெரார்ட் வலப்பக்கத் தடுப்பாளராகப் போய் நின்றார். ஒரே இறுதி ஆட்டத்தில் மூன்று வேலை. இப்படிச் செய்யக்கூடியவர் மற்ற இருவரில் யாரும் இல்லை.

அடுத்த ஆண்டு கார்டிஃபில் எஃப்.ஏ. கோப்பை இறுதி, வெஸ்ட் ஹாம் எதிரணி. லிவர்பூலின் முதல் கோலுக்கு சிசேவுக்கு நீண்ட பாஸ் கொடுத்தது ஜெரார்ட். இரண்டாவது கோல் அவருடையது. 90 நிமிடம் முடிந்து, நடுவர் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் ஏறக்குறைய 35 கெஜத்திலிருந்து அடித்து ஆட்டத்தை 3-3 ஆக்கியதும் அவர்தான். இங்கிலாந்துக்காரர்கள் இன்றைக்கும் அதை 'ஜெரார்ட் ஃபைனல்' என்கிறார்கள்.

சரி, இவருக்கு ஆகிற செலவு என்ன?

2004-05 சீசனின் லீக் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஐரோப்பாவையே வென்ற லிவர்பூல் 58 புள்ளிகளோடு ஐந்தாவது இடம். முதலிடத்தில் இருந்த செல்சிக்கு 95. ஒரே இரவில் ஆட்டத்தைத் தலைகீழாக்கும் அதே வேகம், வாரா வாரம் ஆடும்போது நடுக்களத்தில் ஓட்டை போடும். பந்து எங்கே இருக்கிறதோ அங்கே தானே போய்விட வேண்டும் என்ற துடிப்பு அவருக்கு. எங்கே நிறுத்துவது என்பதே ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் தலைவலி. பெனிடெஸ் அவரை 2005-06-இல் பெரும்பாலும் வலப்பக்கத்துக்குத் தள்ளினார். எல்லாப் போட்டிகளும் சேர்த்து 23 கோல் வந்தது, அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை ஆட்டக்காரர்களே வாக்களித்துக் கொடுத்தார்கள். பிறகு ஸ்ட்ரைக்கர் டோரஸுக்குப் பின்னால் நிறுத்தினார். 2008-09-இல் லீக்கில் மட்டும் 16 கோல், லிவர்பூல் 86 புள்ளிகளோடு இரண்டாமிடம்.

அந்த 2008-09 அணியில் ஜெரார்டுக்குப் பின்னால் நின்றவர்கள் யார் யார்? பந்தைப் பறிக்க மஸ்செரானோ, பந்தை விநியோகிக்க சாபி அலோன்சோ. அந்தக் கோடையில் அலோன்சோ ரியல் மாட்ரிட் போனார். அடுத்த சீசன் லிவர்பூல் ஏழாமிடம். அலோன்சோ போனது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஜெரார்டைச் சுதந்திரமாக விடுவதற்கு எத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்பதை அந்த இரண்டு சீசன்களும் பச்சையாகக் காட்டுகின்றன.

2014 ஏப்ரல் 27-ஐப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அப்போது அவருக்கு 33 வயது. தடுப்பாட்டத்துக்கு முன்னால், ஆழத்தில் நின்று ஆடிக்கொண்டிருந்தார். லிவர்பூல் தொடர்ந்து 11 லீக் ஆட்டங்கள் வென்றிருந்தது. செல்சிக்கு எதிராக ஒரு சாதாரணப் பாஸை வாங்கும்போது கால் வழுக்கியது, டெம்பா பா பந்தோடு ஓடிக் கோல் போட்டார். இதை வைத்து ஒரு மனிதரைப் பத்தாண்டுக்கும் மேலாகக் கேலி செய்வது எனக்கு வருத்தம் தருகிறது. வழுக்கினால் யாருக்கும் வழுக்கும். நான் கவனிப்பது அதற்குப் பிறகு அவர் செய்ததை. இரண்டாம் பாதி முழுக்கத் தூரத்திலிருந்து அடித்துக்கொண்டே இருந்தார், தன் தவறைத் தானே சரிசெய்துவிட வேண்டும் என்று. அந்தக் குணம்தான் இஸ்தான்புல்லைக் கொடுத்தது. அன்றைக்கு அதே குணம் உதவவில்லை.

## ஃபிராங்க் லாம்பார்ட்: தவறாமல் வந்து நிற்பவர்

லாம்பார்டைப் பற்றி உணர்ச்சியோடு பேசுகிறவர்கள் குறைவு. அது அவருக்கு இழைக்கிற அநியாயம் என்று நினைக்கிறேன். நானும் பல ஆண்டுகள் அந்தத் தவறைச் செய்தவன்தான்.

2001-இல் வெஸ்ட் ஹாமிலிருந்து 1.1 கோடி பவுண்டுக்குச் செல்சி வந்தார். அப்பா வெஸ்ட் ஹாமின் பழைய ஆட்டக்காரர், அங்கே பயிற்சியாளராக இருந்த ஹாரி ரெட்நாப் உறவினர். செல்வாக்கில் வந்த பையன் என்று அந்தக் கிளப்பின் ரசிகர்களிலேயே பலர் முணுமுணுத்தார்கள். அப்படிப் பேச்சு வாங்கியவர்தான் செல்சியின் வரலாற்றில் அதிகக் கோல் அடித்தவர் ஆனார்: 648 ஆட்டம், 211 கோல். ஸ்ட்ரைக்கர்கள் பெயர்கள் இருக்க வேண்டிய பட்டியலின் உச்சியில் ஒரு நடுக்கள ஆட்டக்காரர்.

2003-04 முதல் 2012-13 வரை பத்து சீசன், ஒவ்வொன்றிலும் லீக்கில் பத்துக்குக் குறையாத கோல். 2009-10-இல் 22. எப்படி வந்தன இவை? அதிரடி ஓட்டத்தில் வந்தவை கொஞ்சம்தான். பெட்டியின் விளிம்புக்கு எப்போது வர வேண்டும் என்ற கணக்கில் வந்தவை நிறைய. ஸ்ட்ரைக்கர் தடுப்பாளர்களை உள்ளே இழுத்துக்கொண்டு போவார், பந்து வெளியே தெறிக்கும், அங்கே லாம்பார்ட் அப்போதுதான் வந்து சேர்ந்திருப்பார். இரண்டு வினாடி முன்னால் வந்திருந்தால் யாராவது ஒட்டிக்கொண்டிருப்பார்கள். அடித்த பந்து யார் காலிலோ பட்டு உள்ளே போனால் அதிர்ஷ்டம் என்பார்கள். பத்து ஆண்டு தொடர்ந்து வருவதை அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்வது? 177-இல் 43 பெனால்டி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அவற்றைக் கழித்தாலும் 134 நிற்கிறது.

கிடைப்பார் என்பதில் இவருக்கு நிகர் கிடையாது. 2001 அக்டோபரிலிருந்து 2005 டிசம்பர் வரை ஒரு லீக் ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 164 ஆட்டங்கள். ஜெரார்டுக்கு இடுப்பு, தொடைக் காயங்கள் அடிக்கடி வந்தன, 2010-11-இல் 21 லீக் ஆட்டம்தான் ஆட முடிந்தது. ஸ்கோல்ஸ் 2006-இல் கண் பார்வை மங்கலாகிப் பல மாதம் வெளியே இருந்தார். நடுக்களத்தில் யார் நிற்பார் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யோசிக்க வேண்டியிராத நிம்மதிக்கு என்ன விலை என்று பயிற்சியாளர்களைக் கேட்க வேண்டும்.

இவருடைய மறைவான செலவுக்கு ஒரு பெயரே உண்டு: க்ளோட் மக்கலேலே. 2003-இல் ரியல் மாட்ரிட்டிலிருந்து வந்தவர். செல்சி பயிற்சியாளர் மொரின்யோ நடுக்களத்தில் மூவரை நிறுத்தி, மக்கலேலேவை அடியில் வைத்தார். லாம்பார்ட் மேலே போனால் அந்த இடத்தை மூட ஆள் இருந்தது. 2004-05-இல் செல்சி 38 ஆட்டத்தில் வாங்கியது 15 கோல்தான், லாம்பார்ட் மட்டும் லீக்கில் 13 போட்டார். போல்டனில் 2005 ஏப்ரல் 30 அன்று இரண்டு கோல் அடித்து, செல்சிக்கு 50 ஆண்டுக்குப் பிறகு லீக் பட்டத்தை உறுதிசெய்ததும் அவரே. அந்த அடிக்கல்லை உருவிவிட்டு, இருவர் மட்டும் நிற்கிற நடுக்களத்தில் இவரைப் போட்டால் பாதி ஆட்டக்காரர்தான் கிடைப்பார். இன்னொரு குறையும் உண்டு. ஆட்டம் சூடாகும்போது பந்தைக் காலடியில் வைத்து எல்லாரையும் நிதானப்படுத்துகிற வேலை இவருடையது கிடையாது. அதற்கு வேறு ஆள் வேண்டும்.

வயதானால்? இங்கேதான் லாம்பார்ட் என் மனத்தை மாற்றினார். 2012 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, பார்சிலோனா. முதல் ஆட்டத்தில் நடுக்களத்தில் மெஸ்ஸியிடமிருந்து பந்தைப் பறித்து, இடப்பக்கம் ஓடிய ரமிரெஸுக்கு நீண்ட பாஸ் போட்டார். அங்கிருந்து ட்ரோக்பாவுக்குப் போய்க் கோல். பார்சிலோனாவின் காம்ப் நூ மைதானத்தில் இரண்டாவது ஆட்டம், கேப்டன் டெர்ரி சிவப்பு அட்டை வாங்கி வெளியே, செல்சி 0-2. மறுபடி லாம்பார்டின் பாஸ், ரமிரெஸ் ஓட்டம், கோல்கீப்பர் தலைக்கு மேலே தூக்கிப் போட்ட கோல். மியூனிக் இறுதியில் டெர்ரி இல்லாததால் கேப்டன் பட்டை இவர் கையில். மிக்கேலோடு ஆழத்தில் நின்று ஆடி, பெனால்டியையும் பிசகாமல் போட்டார். கோல் அடிப்பதுதான் இவர் தொழில் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு 33 வயதில் அவர் கொடுத்த பதில் அது.

## பால் ஸ்கோல்ஸ்: ஆட்டத்தின் நாடியைப் பிடித்திருப்பவர்

இவரிடம்தான் நான் அதிகம் மயங்குகிறேன். அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு படியுங்கள்.

உயரம் இல்லை, வேகம் இல்லை, ஆஸ்துமா உண்டு. சால்ஃபோர்டில் பிறந்து, ஒரே கிளப்பில் 718 ஆட்டம் ஆடி 155 கோல் அடித்தார். உண்மையில் இரண்டு ஸ்கோல்ஸ் இருக்கிறார்கள், அதைப் பிரித்துப் பார்க்காமல் எடைபோட முடியாது. முதல் ஸ்கோல்ஸ் பெட்டிக்குள் பதுங்கி வந்து கோல் அடிப்பவர். 1999 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் நியூகாசிலுக்கு எதிராக அடித்தார். 2002-03-இல் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 20 கோல், நியூகாசிலில் 6-2 என்று வென்ற ஆட்டத்தில் மூன்று. இரண்டாவது ஸ்கோல்ஸ் 2006-க்குப் பிறகு வந்தவர். மைக்கேல் கேரிக்குக்குப் பக்கத்தில் ஆழத்தில் நின்று, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு 50 கெஜம் பாஸ் போட்டு ஆட்டத்தின் திசையை மாற்றுபவர். அவர் பாஸ் போட்டால் ஓடுபவர் ஓட்டத்தைக் குறைக்க வேண்டியதில்லை.

பார்சிலோனாவின் நடுக்கள ஆட்டக்காரர் சாவி அவரைப் பற்றி 2011-இல் சொன்னது பலருக்கும் நினைவிருக்கும்: கடந்த 15, 20 ஆண்டில் தான் பார்த்த மிகச் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் ஸ்கோல்ஸ்தான் என்றார். அதே பார்சிலோனாவுக்கு எதிராக 2008 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில், யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் 25 கெஜத்திலிருந்து அடித்த ஒரே கோல்தான் யுனைடெட்டை மாஸ்கோ இறுதிக்கு அனுப்பியது.

இனிக் கணக்கின் மறுபக்கம். பந்தைப் பறிக்க அவர் கால் நீட்டினால் ரசிகர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பிரீமியர் லீக்கில் மட்டும் 97 மஞ்சள் அட்டை, 4 சிவப்பு அட்டை. 1999 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் டூரினில் வாங்கிய மஞ்சள் அட்டையால் அவரும் ராய் கீனும் பார்சிலோனாவில் நடந்த இறுதியை உட்கார்ந்து பார்த்தார்கள். அதே ஆண்டு வெம்ப்லியில் ஸ்வீடனுக்கு எதிராக இங்கிலாந்துச் சட்டையில் சிவப்பு அட்டை வாங்கினார்.

இதைவிடப் பெரிய செலவு, அவருக்குத் தேவையான சூழல். பக்கத்தில் கீன் மாதிரி, பின்னாளில் ஃப்ளெச்சர் மாதிரி, ஓடுகிறவர்கள் வேண்டும். பாஸ் போட்டால் போய்ச் சேர இரு ஓரங்களிலும் கிக்ஸ், பெக்காம், ரொனால்டோ தரத்தில் ஆட்கள் வேண்டும். ஒரு பலவீனமான அணியில் இவரைக் கொண்டுபோய் நிறுத்தினால், அருமையான பாஸ்கள் யாரும் இல்லாத இடத்தில் போய் விழும். அவர் அப்படி ஓர் அணியில் ஆடியதே இல்லை என்பதால் நிரூபிக்க வழியில்லைதான். ஜெரார்டும் லாம்பார்டும் ஒரு சுமாரான அணியைத் தூக்கி நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள். ஸ்கோல்ஸுக்கு அந்தப் பரீட்சை வரவேயில்லை.

ஆனால் தேறிய அணி கையில் இருந்தால் இவரைப் போல நீண்ட நாள் உழைக்கும் ஆள் கிடைக்கமாட்டார். 2011 மே மாதம் ஓய்வு பெற்றார். 2012 ஜனவரியில் ஃபெர்குசன் திரும்பக் கூப்பிட்டார். செய்தி கசியாமல் இருக்கக் கடையில் போய் 40 பவுண்டுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி வந்தார். 18-ஆம் எண் சட்டையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதால் 22 போட்டுக்கொண்டு மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக இறங்கினார். அந்த சீசன் யுனைடெட் கோல் வித்தியாசத்தில்தான் பட்டத்தை இழந்தது, அடுத்த சீசன் வென்றது. கால் போனாலும் கண்ணும் கணக்கும் போகவில்லை.

## மூவரையும் சேர்த்து வைத்தபோது

செலவைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இங்கிலாந்து அணி. 2001 செப்டம்பர் 1, மியூனிக்கில் ஜெர்மனியை 5-1 என்று வென்ற இரவில் நடுவில் நின்ற ஜோடி ஜெரார்டும் ஸ்கோல்ஸும். ஒருவர் ஓடுபவர், ஒருவர் நிறுத்திப் பார்ப்பவர். கச்சிதமாகப் பொருந்தியது. மூன்று ஆண்டு கழித்து லாம்பார்ட் அடித்துக்கொண்டிருந்த கோல்களைப் பார்த்துவிட்டு யாராலும் அவரை வெளியே உட்கார வைக்க முடியவில்லை. 2004 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்து பயிற்சியாளர் எரிக்சன் நடுவில் ஜெரார்டையும் லாம்பார்டையும் வைத்து, ஸ்கோல்ஸை இடப்பக்க ஓரத்துக்கு அனுப்பினார். பின்னால் நிற்க யாரும் இல்லை. இருவருமே முன்னே போகப் பிறந்தவர்கள். ஒருவர் போனால் இன்னொருவர் தயங்கி நிற்பார், இருவரும் போனால் நடுவே மைதானம் திறந்து கிடக்கும்.

காலிறுதியில் போர்ச்சுகலிடம் பெனால்டியில் தோற்றார்கள். ஸ்கோல்ஸ் குடும்பத்தையும் கிளப்பையும் காரணமாகச் சொல்லி, 29 வயதில் நாட்டு அணியை விட்டார். 2006 உலகக் கோப்பையில் மறுபடி போர்ச்சுகல், மறுபடி பெனால்டி. லாம்பார்டும் ஜெரார்டும் ஆளுக்கொன்றைக் கோட்டைவிட்டார்கள். ஐரோப்பாவின் தங்கப் பந்து (பலோன் டி'ஓர்) விருதுக்கான வாக்கெடுப்பில் 2005-இல் ரொனால்டினியோவுக்கு அடுத்து இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் இவர்கள்தான். அவர்களுக்குப் பின்னால் நிற்க அப்போது ஒரு மக்கலேலே இங்கிலாந்துக்குக் கிடைக்கவில்லை. இருந்த ஹார்க்ரீவ்ஸை முழுமனதோடு நம்பவும் நெடுநாள் ஆனது. இதை நினைத்தால்தான் என் நெஞ்சு இன்னும் ஆற மறுக்கிறது.

## கீன், வியெரா, டி பிரூய்னா எங்கே?

கேட்பீர்கள் என்று தெரியும். கீனும் வியெராவும் வேறு வேலைக்காரர்கள். இந்த மூவரின் செலவைக் கட்டுகிற ஆட்கள் என்றே சொல்லலாம். அந்த வகையில் ஒருவரைத் தேடினால் நான் வியெராவை எடுப்பேன். 2003-04-இல் ஒரு தோல்விகூட இல்லாமல் லீக்கை வென்ற ஆர்சனலின் கேப்டன் அவர். அந்த கிளப்புக்காக அவர் கடைசியாக உதைத்த பந்து, 2005 எஃப்.ஏ. கோப்பை இறுதியை வென்று கொடுத்த பெனால்டி. அதே பெனால்டி வரிசையில் ஆர்சனல் கோல்கீப்பர் லேமன் தடுத்தது ஸ்கோல்ஸுடையதை.

கெவின் டி பிரூய்னா அடுத்த தலைமுறை. 2019-20-இல் 20 அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுக்கும் பாஸ்) போட்டு தியரி ஆன்றியின் சாதனையைச் சமன் செய்தார், மான்செஸ்டர் சிட்டியில் ஆறு லீக் பட்டம். அவரை இவர்களோடு வைத்தால் சிட்டியில் அவருடைய பயிற்சியாளராக இருந்த கார்டியோலாவின் ஆட்ட முறையையும் சேர்த்து எடைபோட வேண்டிவரும், அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

## சரி, யாரை எடுப்பது?

நாக்-அவுட் போட்டி, தோற்றால் வீட்டுக்கு, உங்கள் அணி எதிரணியைவிடப் பலவீனம் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஜெரார்ட். அவரால் ஆகிற ஓட்டைகள் 90 நிமிடத்தில் உங்களைக் கொல்லாமலும் போகலாம். அவர் செய்யும் ஒரு காரியம் போதும். அணியில் யாருக்குக் காயம்பட்டாலும் அந்த இடத்தில் அவரை இறக்கலாம் என்பது கூடுதல் வசதி.

ஏற்கெனவே நல்ல ஓட்டக்காரர்களும், கோல் அடிக்க இருவரும் இருந்து, பந்து கையில் இருந்தும் ஆட்டம் பதற்றமாகவே போகிறது என்றால் ஸ்கோல்ஸ். அவர் வந்த மறுநாளே மற்றவர்கள் மேம்பட்டவர்களாகத் தெரிவார்கள். பக்கத்தில் டேக்கிள் செய்ய ஓர் ஆளை மறக்காமல் நிறுத்துங்கள், அவரைச் செய்யவிடாதீர்கள்.

ஆனால் கேள்வி புதிதாக அணி கட்டுவது பற்றியது. கையில் ஒன்றும் இல்லை, 38 ஆட்டம், அதற்கடுத்த சீசனும் உண்டு. நான் லாம்பார்டை எடுப்பேன். பல வருடம் ஜெரார்ட் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், மனம் இப்போதும் ஸ்கோல்ஸ் பக்கம் சாய்கிறது. இருந்தாலும் செலவைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு தெளிவாக இருக்கிறது. ஜெரார்டை விடுவிக்க அலோன்சோ, மஸ்செரானோ தரத்தில் இருவரைத் தேட வேண்டும். ஸ்கோல்ஸுக்கு ஓர் அணியே தயாராக இருக்க வேண்டும். லாம்பார்டுக்குப் பின்னால் நிற்க ஒருவர் போதும். அந்த ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் ஆண்டுக்குப் பத்துக் கோலுக்குக் குறையாமல் வரும், ஏறக்குறைய எல்லா ஆட்டத்துக்கும் ஆள் வருவார்.

பையன்களுக்கோ பெண்பிள்ளைகளுக்கோ நடுக்கள ஆட்டம் சொல்லிக்கொடுக்க வேண்டும், யாருடைய காட்சியைப் போட்டுக் காட்டட்டும் என்பவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. ஜெரார்டின் 35 கெஜ அடியைக் காட்டினால் அடுத்த ஒரு மாதம் எல்லாரும் தூரத்திலிருந்தே உதைத்துக்கொண்டிருப்பார்கள். லாம்பார்டின் ஓட்டத்தைக் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குக் காட்டலாம், எப்போது கிளம்புகிறார் என்று எண்ணச் சொல்லி. சின்னவர்களுக்கு ஸ்கோல்ஸைப் போடுங்கள், 2007, 2008 காலத்து ஆட்டம் எதுவானாலும் சரி. பந்தைப் பார்க்க வேண்டாம், அவர் தலையைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். பந்து அவரிடம் வந்து சேருவதற்குள் எத்தனை தரம் திரும்பிப் பார்க்கிறார் என்று ஆளுக்கொரு தாளில் கோடு போடட்டும்.